மரியதாஸ் சொல்லாமல் விட்ட வசனம்

போன மாதம் என் பழைய கந்தோரிலிருந்து இரண்டு பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். இப்போது மன்னாரில் உளநலப் பிரிவில் வேலை செய்கிறவர்கள். கையில் கேக் பெட்டி, முகத்தில் ஏதோ கேட்க வந்த கூச்சம்.

"அக்கா, நீங்கள் முந்திப் போட்ட தெருவெளி நாடகத்தைத் திருப்பிப் போடப்போறம். இந்தமுறை சனம் போனில பாக்கிற மாதிரி வீடியோவா எடுக்கிறம். அந்த எழுத்துப் பிரதி உங்களிட்ட இருக்கோ?"

இருந்தது. அலுமாரியில் பழைய சீருடைகளுக்குக் கீழே கிடந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டு, "ஆர் நடிக்கிறது?" என்று கேட்டேன்.

"கடலுக்குப் போற அண்ணா ஒராள் இருக்கிறார் அக்கா. அச்சொட்டா நடிப்பார்."

அவர்களிடம் ஒரு கதை சொல்லவேண்டும் என்று நினைத்தேன். ஆனால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். வாயால் சொன்னால் நடுவில் எங்காவது சிரித்துக் கெடுத்துவிடுவேன் என்று பயம். அதனால் எழுதுகிறேன். நாடகப் பிரதியோடு இதையும் சேர்த்து வாசிக்கட்டும்.

நான் நறுவிலிக்குளத்தில் வயல்காரர் வீட்டுப் பிள்ளை. தாதியாகப் படித்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கட்டில் விரிக்கப் படித்தேன், ஊசி போடப் படித்தேன், ஏச்சு வாங்கப் படித்தேன். ஏச்சு வாங்கியதெல்லாம் என் சிரிப்பால்தான். நான் சிரித்தால் பக்கத்து வார்ட்டில் நித்திரை கொள்கிறவரும் எழும்பிவிடுவார். உளநலப் பிரிவுக்கு ஆள் வேண்டும் என்று கேட்டபோது மற்றவர்கள் எல்லாரும் அழுது மறுத்தார்கள். நான் பழக்கதோசத்தில் சிரித்தேன். "இவ சந்தோசமா இருக்கிறா, இவவைப் போடுங்கோ" என்று என்னைப் போட்டுவிட்டார்கள்.

தொடக்கத்தில் எங்களுக்கு ஒரு வான், ஒரு ஒலிபெருக்கி, ஒரு சாரதி. சாரதி பாறூக் நானா சிலாவத்துறைக்காரர். முதல் விழிப்புணர்வு வேலையை அவருடைய ஊரிலேயே தொடங்கினோம். "இன்று மனநலக் கிளினிக், அனைவரும் வருக" என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே காலை முழுக்கச் சுற்றினோம். பின்னேரம்வரை வந்தது ஒரேயொரு வயோதிபர். அவருக்குப் பல் வலி.

"மிஸ்ஸி, விசர் வான் எண்டு பேர் வைச்சிட்டாங்கள்" என்றார் பாறூக் நானா. "இனி நான் வீட்டை போனா என்ரை மனுசியும் கதவைப் பூட்டிப்போடுவா."

அடுத்த மாதம் ஒலிபெருக்கியை வீட்டில் வைத்துவிட்டு, பிரஷர் கிளினிக் நடக்கிற இடத்தில் ஒரு மூலையில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். பிரஷர் பார்க்க வருகிறவர்களிடம் கையில் பட்டியைக் கட்டிக் காற்றடிக்கிற நேரத்தில் "நித்திரை எப்பிடி?" என்று மட்டும் கேட்டேன். அந்த ஒரு கேள்விக்குச் சனம் அரை மணித்தியாலம் பதில் சொன்னது. மறிச்சுக்கட்டிக் கிராமம் வரைக்கும் இப்படியே போய் வந்தோம்.

பிறகு எங்கள் பிரிவுக்கு ஒரு டொக்டர் வந்தார். சிங்களவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். எப்போதும் மெல்லிய குரல். பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டுத்தான் நோயாளியைப் பார்ப்பார். ஆள் எழும்பிப் போனபிறகே எழுதுவார். எழுதும்போது நோயாளி சொன்ன சொல்லை அப்படியே எழுதவேண்டும் என்பது அவருடைய கட்டளை. "கவலையாக இருக்கிறார்" என்று நான் எழுதினால் வெட்டிவிடுவார். "அவர் என்ன சொன்னார் மிஸ்ஸி? கவலை என்று சொன்னாரா, நெஞ்சு காய்கிறது என்று சொன்னாரா?" என்று கேட்பார். எனக்குக் கோபம் வரும். தமிழ் அரைகுறையாகத் தெரிந்தவர் எனக்குத் தமிழ் படிப்பிக்கிறாரே என்று பாறூக் நானாவிடம் புறுபுறுப்பேன்.

அவருக்கு இன்னொரு முறையும் இருந்தது. வேலை முடிகிற நாலு மணிக்கு எல்லாரும் மேசையைச் சுற்றி இருக்கவேண்டும். அன்றைக்கு வழியில், சந்தையில், பஸ்ஸில், கோயிலில் யார் எங்களோடு கதைத்தாலும் அதைச் சொல்லவேண்டும். கிளினிக்குக்கு வராதவர்கள் எங்களை வழியில்தான் சந்திப்பார்கள் என்பது அவருடைய எண்ணம். நான் அதை ஊர்ப்புதினம் சொல்கிற நேரமாக எடுத்துக்கொண்டேன். ஆட்களைப் போலப் பேசிக் காட்டுவேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். டொக்டர் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்த நாட்களில்தான் நான் நாடகம் எழுதினேன். சவிரி என்று ஒரு மீனவன். நன்றாக உழைத்த மனிதன், கொஞ்சம் கொஞ்சமாக முடங்கிப்போகிறான். தனியே நின்று ஐந்து வசனம் சொல்வான்.

"விடியப்புறம் நித்திரை முறிஞ்சு போகுது. சோறு தொண்டையால இறங்குதில்லை. வலையைத் தொட்டா மலை மாதிரிப் பாரமாக் கிடக்கு. சிரிக்கிற ஆக்களைக் கண்டா ஒளிக்கச் சொல்லுது மனம். நான் நாளைக்குக் கிளினிக்குக்குப் போகப்போறன், ஆர் என்னோட வாறியள்?"

கடைசி வசனத்துக்குச் சனம் "நாங்கள் வாறம்!" என்று சத்தம் போடவேண்டும். டொக்டர் இந்தப் பிரதியை வாங்கி, அதை வைத்தே தமிழ் பழகினார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் சவிரியின் வசனங்களை முணுமுணுத்துக்கொண்டு சோறு பிசைவார். நாங்கள் கதவுக்கு வெளியே நின்று சிரிப்போம்.

சவிரியாக நடித்தவர் மரியதாஸ். பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். தலைமன்னார்ப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கக் கிராமம். தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்து, திரும்பி வந்து, நண்டு வலை போடுகிறவர். கூத்துக்காரர். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கூத்தில் ஒருவர் ஒரு வேசம் கட்டினால் அந்தப் பெயர் சாகும்வரை அவரோடு ஒட்டிவிடும். இவருடைய தகப்பன் இயேசுவுக்குத் தீர்ப்புச் சொன்ன பிலாத்து வேசம் கட்டினவர், அதனால் பேரப்பிள்ளைகளும் பிலாத்து வீட்டுப் பிள்ளைகள். மரியதாஸ் எங்கள் நாடகத்தை ஆடிய அடுத்த நாளே ஊருக்குச் சவிரியாகிவிட்டார். கடையில் சவிரி, கரையில் சவிரி. அவர் தலையைத் தொங்கப்போட்டு நடந்தால் போதும், "அந்தா சவிரி தொடங்கிட்டார்" என்று சிரிப்பார்கள். எங்களுக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் விழிப்புணர்வு ஊருக்குள் இறங்கிவிட்டது என்று மேலிடத்துக்கு அறிக்கையும் எழுதினேன்.

மூன்றோ நாலோ வருடம் அதே நாடகம், அதே மரியதாஸ். பிறகு வான் பழுதாகி, ஆட்கள் மாறி, நாடகம் சில மாதம் நின்றது.

ஒருநாள் காலை மன்னார் மீன் சந்தையில் மரியதாஸைக் கண்டேன். நண்டுக் கூடைக்குப் பக்கத்தில் நின்றார். மெலிந்திருந்தார். கடற்காரர் வெயிலில் மெலிவார்கள்தானே என்று நினைத்தேன்.

"என்ன சவிரி, எப்பிடிச் சுகம்?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் கூடையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "விடியப்புறம் நித்திரை முறிஞ்சு போகுது மிஸ்ஸி. சோறு தொண்டையால இறங்குதில்லை. வலையைத் தொட்டா மலை மாதிரிப் பாரமாக் கிடக்கு. சிரிக்கிற ஆக்களைக் கண்டா ஒளிக்கச் சொல்லுது மனம்."

நான் சிரித்தேன். சந்தை முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தேன். கையையும் தட்டினேன். "ஐயோ மரியதாஸ், மேடையில நீங்கள் ஒருநாளும் இவ்வளவு வடிவாச் சொல்லேல்லையே!" என்றேன்.

அவரும் சிரிக்கப் பார்த்தார். சரிவரவில்லை. "அப்ப நான் வாறன் மிஸ்ஸி" என்று சொல்லிவிட்டு, கூடையைப் பக்கத்துக்காரரிடம் பொறுப்புக் கொடுத்துவிட்டுப் போனார். நான் நண்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தேன். நாலு மணிக் கூட்டத்துக்கு நல்ல கதை கிடைத்த சந்தோசம் எனக்கு.

நாலு மணிக்கு எழும்பி நின்று, தலையைத் தொங்கப்போட்டு, மரியதாஸ் சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டினேன். பாறூக் நானா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். டொக்டர் சிரிக்கவில்லை. அவருடைய பேனா மூடியபடி மேசையில் கிடந்தது.

"மிஸ்ஸி, ஐந்தாவது வசனம்?"

"என்ன டொக்டர்?"

"நாளைக்குக் கிளினிக்குக்குப் போகப்போறன். ஆர் என்னோட வாறியள். அதைச் சொன்னாரா?"

நான் யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை. நாலு வசனத்தைச் சொல்லிவிட்டு, என் சிரிப்பைக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அது நடிப்பில்லை. அந்த மனிதரின் மெலிந்த தோள்களை அப்போதுதான் உண்மையில் பார்க்கிறேன், அதுவும் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு. டொக்டர் ஏற்கெனவே எழும்பிவிட்டார். "பாறூக், வான்" என்றார்.

தலைமன்னார் வீதியில் அந்தப் பின்னேரம் வான் ஓடிய வேகத்தில் பாறூக் நானா ஒருநாளும் ஓடியதில்லை. நான் செபமாலையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். செபம் வரவில்லை. நான் தட்டிய கைதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

வெயில் தாழுமுன் போய்ச் சேர்ந்துவிட்டோம். மரியதாஸ் வீட்டுக்குப் பின்னால், குசினிச் சுவரோடு சாய்ந்து, மடியில் வலையோடு இருந்தார். உயிரோடு இருந்தார்.

அவருடைய மனைவி ஜெசிந்தா ஓடி வந்தார். "வந்திட்டியளே மிஸ்ஸி! ரெண்டு மாசமா இப்பிடித்தான். முதல்ல நானும் ஒத்திகை எண்டுதான் நினைச்சன். பிறகு எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. ஊரில சொன்னா எல்லாரும் சிரிக்கினம், சவிரிக்கு விசர் முத்திப்போச்சாம் எண்டு. ஆரும் நம்பேல்ல."

டொக்டர் மரியதாஸுக்கு எதிரே நிலத்தில் உட்காரப் போகிற நேரத்தில் தெருவில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். எங்கள் வான் நிற்கிறதைக் கண்டு ஊர் திரண்டுவிட்டது. பாய் கொண்டு வருகிறார்கள், கதிரை தூக்கி வருகிறார்கள். "நாடகம்! நாடகம்!" என்று பிள்ளைகள் துள்ளுகிறார்கள். இரண்டு பேர் வேலியால் எட்டி, "சவிரி வேசம் போடுறார் போல கிடக்கு" என்கிறார்கள். மரியதாஸ் அதைக் கேட்டுவிட்டு வலையை முகத்துக்கு நேரே இழுத்துக்கொண்டார்.

டொக்டர் என்னிடம் வந்தார். "மிஸ்ஸி, இந்த ஆட்கள் இங்கே வரக் கூடாது. எனக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மரியதாஸுக்குச் சுகமில்லை, வருத்தம், விலகிப் போங்கோ என்று சொன்னால் அடுத்த நாள் அந்த மனிதர் தெருவில் இறங்க முடியாது. நாடகம் இல்லை என்றால் ஏன் வந்தீர்கள் என்று வேலியை விட்டுப் போகமாட்டார்கள். பாறூக் நானா வானின் பின்கதவைத் திறந்து ஒலிபெருக்கியை இறக்கிவிட்டார். மைக்கை என் கையில் வைத்தார்.

"நாடகம் பாக்கத்தானே வந்திருக்கினம். போடுங்கோ."

"ஆர் நடிக்கிறது நானா?"

"எழுதினது நீங்கள்தானே?"

கோயில் வளவுக்கு வாங்கோ, அங்கேதான் நாடகம் என்று அறிவித்தேன். சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் வந்தது. பாறூக் நானாவின் துவாயைத் தலையில் கட்டி, வெள்ளைச் சீருடையோடு நான் சவிரியானேன். என் வாழ்நாளில் மேடை ஏறினவள் இல்லை. வலை இழுக்கப்போய்க் குப்புற விழப் பார்த்தேன். மகாராணி மாதிரி நடந்து கடலுக்குப் போனேன். ஊர் உருண்டு புரண்டு சிரித்தது. சிரிக்கட்டும், அவ்வளவு நேரம் வேலிப்பக்கம் போகமாட்டார்கள் என்று இன்னும் கூத்தடித்தேன். இல்லாத காட்சிகளையெல்லாம் சேர்த்து இழுத்தேன்.

கடைசியில் வசனத்துக்கு வந்துதானே ஆகவேண்டும். "விடியப்புறம் நித்திரை முறிஞ்சு போகுது" என்றேன். சிரித்தார்கள். "சோறு தொண்டையால இறங்குதில்லை" என்றேன். இன்னும் சிரித்தார்கள். மூன்றாவது வசனம் வரவில்லை. சிரிக்கிற அத்தனை முகமும் காலையில் சந்தையில் நின்ற என் முகமாகத் தெரிந்தது. நான் எழுதிய வசனத்தை நானே அன்றைக்குத்தான் கேட்டேன். அழுகை வந்துவிட்டது. மைக்கில் விக்கி விக்கி அழுதேன்.

சனம் சிரிப்பை நிறுத்தியது. பிறகு கைதட்டியது. "மிஸ்ஸி நல்லா நடிக்கிறா" என்று முன்வரிசையில் ஒரு பெண் சொன்னது எனக்குக் கேட்டது. இல்லை என்று சொல்ல வழியில்லை. மூக்கைத் துவாயில் துடைத்துவிட்டு, மிச்ச வசனத்தையும் சொல்லி முடித்தேன். "நாங்கள் வாறம்!" என்று ஊர் கத்தியது.

அந்த நேரம் பின்வளவில் என்ன நடந்தது என்பதை டொக்டர் எழுதிய குறிப்பில்தான் பார்த்தேன். அவர் சுற்றி வளைக்கவில்லை. நேராகக் கேட்டிருக்கிறார், "வாழ வேண்டாம் என்று நினைக்கிறீர்களா?" என்று. அப்படிக் கேட்கவே நாங்கள் எல்லாரும் பயப்படுவோம். கேட்டால் இல்லாத நினைப்பை நாங்களே கொடுத்துவிடுவோமோ என்று நினைப்போம். மரியதாஸின் பதிலை அவர் சொன்னபடியே டொக்டர் எழுதியிருந்தார்: "ஓம். மூண்டு கிழமையா அதே நினைப்புத்தான். ஒருத்தரும் கேக்கேல்ல." சொல்லிவிட்டு வலையை மடியிலிருந்து இறக்கி வைத்தாராம். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு வர ஒரு சொல்லும் மறுக்கவில்லை. சனம் கலைந்த பிறகு ஜெசிந்தாவும் அவரும் வானில் ஏறினார்கள். அவர் யன்னலில் நெற்றியைச் சாய்த்து நித்திரை கொண்டார். அந்த நித்திரையைப் பார்த்துக்கொண்டு வந்ததில் எனக்கு இருந்த ஆறுதலை எழுத எனக்குத் தெரியாது.

வார்ட்டில் ஒரு கிழமை போனபிறகு கஞ்சி குடிக்கத் தொடங்கினார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று மன்னிப்புக் கேட்டேன்.

"ஏன் மரியதாஸ் அந்த வசனத்தைச் சொன்னனீங்கள்? ஏலாமக் கிடக்கு எண்டு சொல்லியிருந்தா எனக்கு விளங்கியிருக்குமே."

"வேற என்னத்தைச் சொல்லுறது மிஸ்ஸி? எனக்கு வந்த வருத்தத்துக்கு என்னட்ட வேற சொல்லு இல்லை. நீங்கள் எழுதித் தந்ததுதான் இருந்தது." பிறகு, "ஜெசிந்தா ஸ்பீக்கரில கேட்டவ, நீங்கள் மூண்டாவது வசனத்தில பிழை விட்டிட்டியளாம்" என்றார்.

நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். "சிரியுங்கோ மிஸ்ஸி, பரவாயில்லை" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் முறையை மாற்றினோம். ஒரே ஆள் இரண்டு முறைக்கு மேல் சவிரியாவதில்லை. நாடகம் முடிந்ததும் நடித்தவர் சனத்துக்கு முன்னால் துவாயை அவிழ்த்து, தன் சொந்தப் பெயரைச் சொல்லவேண்டும். நேற்று இரவு தனக்கு நித்திரை எப்படி என்று சொல்லவேண்டும். பிறகு மாதத்துக்கு ஒருமுறை நாங்கள் அவரை வீட்டில் போய்ப் பார்த்துக் கேட்கவேண்டும். பிள்ளைகளே, உங்கள் வீடியோவில் நடிக்கிற அந்த அண்ணாவையும் இப்படிப் போய்க் கேளுங்கள். அவர் எவ்வளவு அச்சொட்டாக நடிக்கிறாரோ அவ்வளவு கட்டாயமாகக் கேளுங்கள்.

மரியதாஸின் ஊரில் நாங்கள் நினைக்காத ஒன்றும் நடந்தது. அங்கே கடைசியாக வேசம் கட்டினது நான்தானே. சவிரி என்ற பெயர் அவரை விட்டுவிட்டு என்னோடு ஒட்டிக்கொண்டது. சந்தையில் முன்பின் தெரியாதவர்களும் "சவிரி மிஸ்ஸி" என்பார்கள். எனக்கு அது பெரிய நிம்மதி.

நான் ஓய்வு பெறுகிற வருடம் ஒரு கிளினிக் நாள். வெளியே வாங்கில்கள் நிரம்பி, மிச்சப்பேர் வெயிலில் நின்றார்கள். மருந்துப் பதிவு எழுதிக்கொண்டிருந்த நான் யன்னலால் பார்த்தேன். மரியதாஸ் படலையைத் திறந்துகொண்டு வந்தார். மருந்து நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது. யாரும் கூட்டி வரவில்லை, தனியே பஸ்ஸில் வந்திருக்கிறார். எனக்கு இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை. ஆனாலும் அவர் தானே வந்து சொல்லட்டும் என்று எழும்பவில்லை.

பிரஷர் மருந்துக்கு வந்திருந்த அவருடைய ஊர்க்காரர் ஒருவர் வாங்கிலிலிருந்து அவரைக் கண்டுவிட்டார். "என்ன மரியதாஸ், திரும்ப நாடகமோ?" என்றார்.

"இல்லை அண்ணை" என்றார் மரியதாஸ். எல்லாருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னார். "போனமுறை வந்த வருத்தம் திரும்ப வரப் பாக்குது. முத்திறதுக்கு முதல் மருந்து எடுப்பம் எண்டு வந்தனான்."

வாங்கிலில் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த ஊர்க்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தன் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, தள்ளி உட்கார்ந்தார்.

"அப்ப இதில வந்து இருமன். அங்க வெயில்."